அப்ரண்டிஸ் சேரும்போது ஸ்டைபண்டை மட்டும் கேட்காதீர்கள்

ஐடிஐ ரிசல்ட் வந்ததும் எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். சொந்தக்காரப் பையன்கள், தெருப் பையன்கள், முன்னால் என்னிடம் வேலை கற்றுக்கொண்டு போனவர்களின் தம்பிகள். எல்லாருக்கும் ஒரே கேள்விதான், "அண்ணா, அந்தக் கம்பெனியில அப்ரண்டிஸுக்கு எவ்வளவு தர்றாங்க?" தப்பான கேள்வி இல்லை, வீட்டு நிலைமை அப்படி. ஆனால் வாரத்தில் எத்தனை மணி நேரம் கிளாஸ், யார் எடுக்கிறார்கள், முடிவில் எந்தச் சான்றிதழ் என்று இதுவரை யாரும் முதல் கேள்வியாகக் கேட்டதில்லை. அந்த ஒரு வருடத்தில் உங்கள் கையில் கடைசியாக மிஞ்சப்போவது என்னவோ அதுதான்.

என்னைப் பற்றி இரண்டு வரி. அரசு ஐடிஐயில் டர்னர் முடித்து, வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். அப்புறம் வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் டிப்ளமோ முடித்தேன். இப்போது வேறு ஒரு கம்பெனியில் மெஷின் ஷாப்பில் இருக்கிறேன், புதிதாக வரும் அப்ரண்டிஸ்களை முதலில் என் செக்‌ஷனுக்குத்தான் அனுப்புவார்கள். ஆக இந்த விஷயத்தை இரண்டு பக்கமும் நின்று பார்த்திருக்கிறேன்.

முதலில் பணம், அதை முடித்துவிடுவோம். அப்ரண்டிஸ், அதாவது தொழிற்பழகுநர் என்பது 1961ஆம் வருடத்துச் சட்டத்தின் கீழ் வரும் ஒப்பந்தம். ஸ்டைபண்ட், அதாவது பயிற்சிக் காலத்தில் மாதாமாதம் தரும் உதவித்தொகை, குறைந்தபட்சம் எவ்வளவு என்று விதியிலேயே இருக்கிறது. 2019 விதிப்படி பத்தாவது படித்தவருக்கு மாதம் 6,000 ரூபாய், பன்னிரண்டாவது அல்லது ஐடிஐ முடித்தவருக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, டிகிரிக்கு 9,000. பயிற்சி ஒரு வருடத்தைத் தாண்டினால் இரண்டாம் வருடம் 10 சதவீதம் கூட வேண்டும், மூன்றாம் வருடம் மேலும் 15 சதவீதம். 2025 மே மாதம் இதை 36 சதவீதம் உயர்த்தச் சொல்லி மத்திய அப்ரண்டிஸ் கவுன்சில் பரிந்துரை செய்தது, அதனால் நீங்கள் கையெழுத்துப் போடும் நாளில் அமலில் இருக்கும் தொகை என்ன என்று மத்திய அரசின் அப்ரண்டிஸ் போர்ட்டலில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இது குறைந்தபட்சம்தான். பெரிய கம்பெனிகள் பல இதற்கு மேலேயே தருகின்றன.

இதில் ஒரு சின்ன விஷயம் பலருக்குத் தெரியாது. 2016இல் தொடங்கிய என்ஏபிஎஸ் எனப்படும் தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் பதிவான கம்பெனி என்றால் ஸ்டைபண்டில் 25 சதவீதத்தை, அதிகபட்சம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு தருகிறது. முன்பு அது கம்பெனிக்குப் போகும், 2023இலிருந்து நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அதாவது பணம் இரண்டு துண்டாக, இரண்டு வெவ்வேறு நாளில் வரும். முதல் மாதம் கம்பெனி போட்ட தொகையை மட்டும் பார்த்துவிட்டு "சொன்னதை விடக் குறைத்துவிட்டார்கள்" என்று எச்ஆரிடம் போய்ச் சண்டை போட்ட பையனை எனக்குத் தெரியும். கம்பெனி பங்கு அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் வர வேண்டும் என்பது விதி, அது தள்ளிப்போனால் தாராளமாகக் கேளுங்கள். அரசு பங்கு வர உங்கள் ஆதார் வங்கிக் கணக்கோடு சரியாக இணைந்திருக்க வேண்டும்.

இங்கேதான் நம் ஊர் இனிஷியல் வந்து நிற்கும். பத்தாவது மார்க் ஷீட்டில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், ஆதாரில் முன்னால், பாஸ்புக்கில் அப்பா பெயரே முழுசாக, ஐடிஐ சான்றிதழில் புள்ளி இல்லாமல். பார்க்க ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கும், ஆனால் பதிவு அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். சேருவதற்கு ஒரு மாதம் முன்பே நான்கையும் மேசையில் பரப்பி வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்ற வேண்டியதை அப்போதே மாற்றிவிடுங்கள். சேர்ந்த பிறகு ஆதார் சென்டருக்கு அலைய லீவு கிடைக்காது.

அடுத்தது நீங்கள் அங்கே யார் என்ற கேள்வி. சட்டப்படி அப்ரண்டிஸ் ஒரு பயிற்சியாளர், தொழிலாளி இல்லை. பிஎஃப் பிடிக்க மாட்டார்கள், ஈஎஸ்ஐ கார்டு கிடையாது, யூனியனோடு போடும் சம்பள ஒப்பந்தம் உங்களைத் தொடாது. அதே சமயம் தொழிற்சாலையின் பாதுகாப்பு, சுகாதார விதிகள் தொழிலாளிக்கு எப்படியோ அப்படியே உங்களுக்கும் பொருந்தும், பயிற்சியில் அடிபட்டால் இழப்பீடு கொடுக்கும் பொறுப்பு முதலாளிக்குத்தான். ஈஎஸ்ஐ இல்லை என்பதால் தனியாக இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறார்களா என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள். அப்ரண்டிஸ் ஆலோசகர் (இதற்கென்று அரசு நியமிக்கும் அதிகாரி) அனுமதி இல்லாமல் உங்களை ஓவர்டைம் பார்க்கச் சொல்லக் கூடாது. பீஸ் ரேட்டில் சம்பளம் போடக் கூடாது, உற்பத்தி போனஸ் போட்டியில் இழுக்கவும் கூடாது. கடைசி இரண்டும் எதற்காக என்று கொஞ்சம் யோசித்தால் புரியும், பீஸுக்கு இவ்வளவு என்று ஆகிவிட்டால் எந்தப் பையனும் மெஷினை நிறுத்திவிட்டு "இது ஏன் இப்படி?" என்று கேட்க மாட்டான்.

சரி, கிளாஸ் விஷயத்துக்கு வருகிறேன்.

பத்தாவது முடித்து நேராக அப்ரண்டிஸாகச் சேருகிறவருக்கு முதலில் அடிப்படைப் பயிற்சி, அப்புறம் ஷாப் ஃப்ளோர் என்று முறையாக இருக்கும். ஐடிஐ முடித்தவருக்கு அந்த அடிப்படைப் பயிற்சியிலிருந்து விலக்கு உண்டு. ஐடிஐயில்தான் ஏற்கனவே கற்றுக்கொண்டாயிற்றே என்ற கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், சேர்ந்த மறுநாளே மெஷினில் நிறுத்திவிடுகிறார்கள், கிளாஸ் என்ற பேச்சே இல்லாமல் வருடம் முடிந்துவிடுகிறது. நான் சேர்ந்த இடத்தில் ஓர் அதிர்ஷ்டம், கம்பெனிக்குள்ளேயே டிரெய்னிங் சென்டர் இருந்தது, வாரத்தில் ஒரு நாள் பாதி நேரம் எங்களை அங்கே அனுப்புவார்கள். வயதான இன்ஸ்ட்ரக்டர் ஒருவர், டூல் ரூமில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர், கரும்பலகையில்தான் எடுப்பார். என்னோடு ஐடிஐயில் படித்த நண்பன் ஒருவன் வேறு இடத்தில் சேர்ந்தான். என்னை விட ஸ்டைபண்ட் அதிகம். கிளாஸ் கிடையாது. வருடம் முழுக்க ஒரே மெஷினில் ஒரே பாகத்தை மாட்டி, பட்டனைத் தட்டி, கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். ஆள் என்னை விடக் கெட்டிக்காரன். முடித்துவிட்டு இன்டர்வியூவுக்குப் போனபோது அவனிடம் டிராயிங்கைக் கொடுத்து டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்பது) கேட்டிருக்கிறார்கள், அவன் பார்த்த வேலையில் டிராயிங்கே அவன் கைக்கு வந்ததில்லை.

கிளாஸும் வேலையும் சேரும்போது என்ன நடக்கிறது என்று ஓர் உதாரணம் சொன்னால்தான் விளங்கும். எங்கள் லைனில் 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பின் (உருண்டைக் கம்பி மாதிரி ஒரு ஸ்டீல் பாகம்) ஓடிக்கொண்டிருந்தது. டிராயிங்கில் ஜி6 என்று போட்டிருக்கும், டாலரன்ஸைச் சொல்லும் குறியீடு அது. ஐடிஐயில் இதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருந்தேன், அவ்வளவுதான். 25க்கு ஜி6 என்றால் அளவு 24.980க்கும் 24.993க்கும் நடுவில் இருக்க வேண்டும். மொத்த இடைவெளியே 13 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒரு நாள் புதுப் பையன் ஒருவன் பின்னைக் கழற்றிய கையோடு மைக்ரோமீட்டரில் பிடித்தான், 24.986 காட்டியது, நடுவில் இருக்கிறது, ஓகே என்று டிரேயில் போட்டான். அன்றைக்கு கூலன்ட் (சூட்டைத் தணிக்க ஊற்றும் திரவம்) சரியாகப் படாமல் பீஸ் கையில் சுடும் அளவுக்கு வந்துகொண்டிருந்தது. பக்கத்து மெஷின் ஆபரேட்டர் அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "தம்பி, ஆறட்டும், அப்புறம் அள" என்றார். ஆறிய பிறகு பிடித்தால் 24.977. சின்னதாகிவிட்டது. பின் பெரிதாக இருந்தால் இன்னொரு கட் போட்டுச் சரி செய்யலாம், சிறுத்துவிட்டால் ஸ்கிராப்தான்.

அந்த அண்ணனிடம் ஏன் என்று கேட்டேன். "சூட்டுல பெருசா காட்டும்பா" என்றார். அது போதும், வேலை நடக்கும். ஆனால் அந்த வாரக் கிளாஸில் இன்ஸ்ட்ரக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் சாக்பீஸை எடுத்து எழுதினார். ஸ்டீல் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய 11.5 மைக்ரான் நீளும். அப்படியானால் 25 மில்லிமீட்டருக்கு, 30 டிகிரி அதிகம் இருந்தால் எவ்வளவு? பெருக்கிப் பாருங்கள், 9 மைக்ரானுக்குக் கொஞ்சம் குறைவு. அனுமதித்த 13 மைக்ரானில் 9ஐச் சூடே தின்றுவிடுகிறது. அளவு எடுப்பதற்கென்று உலகம் முழுக்க 20 டிகிரியை அடிப்படையாக வைத்திருக்கிறார்கள் என்பதும், குவாலிட்டி ரூமில் ஏசி ஏன் எப்போதும் ஓடுகிறது என்பதும் அன்றைக்குத்தான் என் மண்டையில் ஏறியது. (அது வரைக்கும் குவாலிட்டிக்காரர்கள் சொகுசாக இருப்பதற்காக ஏசி என்று நினைத்துக்கொண்டிருந்தோம், பொறாமையும் உண்டு.)

அந்த அண்ணன் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் எனக்கு அந்த ஒரு பின் தெரிந்திருக்கும். கரும்பலகையில் மட்டும் படித்திருந்தால் பரீட்சையோடு போயிருக்கும். இரண்டும் ஒரே வாரத்தில் வந்ததால் அலுமினியம் பாகம் வந்தபோது, அது ஸ்டீலை விட இரண்டு மடங்கு விரியும் என்று படித்ததும், யாரும் சொல்லாமலே நான் எச்சரிக்கையாகிவிட்டேன். சம்பளத்தோடு வேலை, கூடவே படிப்பு என்ற ஏற்பாட்டின் மொத்தப் பயனும் இந்த மாதிரி இடங்களில்தான் இருக்கிறது. ஜெர்மனியில் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளி, மற்ற நாள் கம்பெனி என்று இரண்டு முதல் மூன்றரை வருடம் வரை வைத்திருக்கிறார்களே, அவர்கள் நாள் கணக்கைப் பிரித்து எழுதி வைத்ததற்குக் காரணமும் இதுவாகத்தான் இருக்கும். நம் ஊர் ஐடிஐகளிலும் 2016இல் இருந்து இரட்டைப் பயிற்சி முறை என்று ஒன்று இருக்கிறது, படிக்கும் காலத்திலேயே சில மாதம் தொழிற்சாலையில் பயிற்சி. உங்கள் ஐடிஐயில் அது இருந்தால் விடாதீர்கள்.

இப்போது கசப்பான பகுதி. கிளாஸ் என்று தாளில் இருந்தாலும் அது காணாமல் போகும். மாதக் கடைசி வந்தால் போகும். ஆள் லீவு போட்டால் போகும். கஸ்டமர் ஆடிட் வந்தால் ஒரு வாரம் போகும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஷிஃப்ட் சூப்பர்வைசருக்கு அன்றைக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட் இருக்கிறது, உங்கள் கிளாஸ் அவருடைய ரிப்போர்ட்டில் எந்தக் கட்டத்திலும் வராது. இப்போது நானே அந்த நாற்காலியில் இருப்பதால் சொல்கிறேன், பத்து மணிக்கு ஒரு பையன் வந்து "சார், கிளாஸுக்குப் போகணும்" என்றால் எரிச்சல் வரத்தான் செய்யும். அதே பையன் முந்தின நாளே "நாளைக்கு ரெண்டு மணிக்கு கிளாஸ் இருக்கு சார், ரெண்டாவது மெஷினை யார் பார்ப்பாங்கன்னு மட்டும் சொல்லிடுங்க" என்று கேட்டால் நான் ஆள் போட்டுவிடுவேன். கேட்கிற விதமும் நேரமும்தான் வித்தியாசம். தொடர்ந்து மூன்று நான்கு வாரம் கிளாஸ் போனால் சூப்பர்வைசரோடு மல்லுக்கட்ட வேண்டாம், டிரெய்னிங் டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு மெயில் போடுங்கள், எந்தெந்தத் தேதி போகவில்லை என்று மட்டும். குறை சொல்லும் தொனி வேண்டாம். கிளாஸுக்கு ஒழுங்காகப் போவது அப்ரண்டிஸின் கடமை என்றே சட்டத்தில் எழுதியிருக்கிறது, ஆகவே நீங்கள் சலுகை எதுவும் கேட்கவில்லை.

மெயில் போட எழுத்தில் ஏதாவது வேண்டும் அல்லவா, அதற்குத்தான் டைரி. பல கம்பெனிகளில் அப்ரண்டிஸ் டைரி கொடுப்பார்கள், வாரக் கடைசியில் எல்லாரும் ஒருவனுடையதைப் பார்த்து மற்றவன் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். "லேத்தில் வேலை செய்தேன், கற்றுக்கொண்டேன்." இதை எழுதுவதற்கு எழுதாமலே இருக்கலாம். என்ன பாகம், என்ன மெட்டீரியல், எந்த இன்சர்ட், எவ்வளவு ஸ்பீடு, என்ன ரிஜெக்‌ஷன் வந்தது, யார் எப்படிச் சரி செய்தார் என்று நான்கு வரி போதும். இரண்டு எச்சரிக்கை. கம்பெனி டிராயிங்கை போனில் படம் எடுக்காதீர்கள், வேலை போகும், சில இடங்களில் கேட்டிலேயே கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். டைரியில் பார்ட் நம்பர், கஸ்டமர் பெயர் எழுதாமல் வேலையை மட்டும் எழுதுங்கள். பிறகு இன்டர்வியூவில் "என்ன செய்தாய்?" என்று கேட்டால் பையன்கள் திணறுகிறார்களே, அங்கே இந்த நோட்டு பேசும். நான் ஆள் எடுக்கும்போது சான்றிதழைப் புரட்டுவதை விட இப்படி ஒரு நோட்டு இருந்தால் அதைத்தான் முதலில் வாங்கிப் பார்ப்பேன்.

ஒரே மெஷினில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சேரும்போதே எந்தெந்தச் செக்‌ஷனில் எத்தனை வாரம் என்ற ரொட்டேஷன் தாள் கேளுங்கள். சிலர் கொடுப்பார்கள், சிலர் முழிப்பார்கள், முழிப்பதே ஒரு பதில்தான். கொடுத்தும் நடக்கவில்லை என்றால் குறுக்குவழி ஒன்று உண்டு, செட்டிங் மாறும் நேரம். ஒரு பாகம் முடிந்து அடுத்த பாகத்துக்கு மெஷினைத் தயார் செய்யும்போது செட்டர் அண்ணன் ஜா மாற்றுவார், டூல் மாற்றுவார், ஆஃப்செட் போடுவார், முதல் பீஸ் எடுத்து அளப்பார். ஒரு வாரம் பட்டன் தட்டிக் கற்றுக்கொள்வதை விட அந்த ஒரு மணி நேரத்தில் அதிகம் கிடைக்கும். மற்றவர்கள் அதை டீ நேரமாக நினைத்து கேன்டீனுக்குப் போவார்கள், நீங்கள் போகாதீர்கள். ஸ்பேனர் எடுத்துக் கொடுங்கள், பக்கத்தில் நில்லுங்கள், அவர் வேலை முடிந்து கை துடைக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள், ஒன்றே ஒன்று. கான்ட்ராக்ட் ஆள் என்று யாரையும் லேசாக நினைக்காதீர்கள், என் செக்‌ஷனில் பர் (வெட்டிய ஓரத்தில் நிற்கும் பிசிறு) எடுப்பதில் இருக்கும் ஒரு அக்காவுக்குத் தெரிந்த அளவு, எந்த டூல் தேய்ந்தால் எங்கே பர் வரும் என்பது இன்ஜினியருக்கே தெரியாது.

கையெழுத்துப் போடும் தாளைப் பற்றிக் கொஞ்சம். அப்ரண்டிஸ் என்றால் போர்ட்டலில் பதிவான ஒப்பந்தம் இருக்கும், அதற்கு ஒரு நம்பர் இருக்கும். நிறைய இடங்களில் "ட்ரெய்னி" என்று வாயால் சொல்லிச் சேர்த்துக்கொள்கிறார்கள், கேட்டால் அதுவும் இதுவும் ஒன்றுதான் என்பார்கள். ஒன்று இல்லை. ஒப்பந்தம் இல்லையென்றால் தேர்வும் இல்லை, என்ஏசி எனப்படும் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழும் இல்லை. போர்ட்டலில் பதிய ஒரு பைசா கட்டணம் கிடையாது. பணம் வாங்கிக்கொண்டு சேர்த்துவிடுகிறேன் என்று வரும் ஏஜென்ட்டுக்குக் கதவைக் காட்டுங்கள். மாவட்டந்தோறும் தொழிற்பழகுநர் சேர்க்கை முகாம் நடக்கிறது, அரசு ஐடிஐயில் விசாரித்தால் தேதி சொல்வார்கள். ஒரிஜினல் சான்றிதழை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டலாம், நகல் கொடுக்கலாம், அவ்வளவே. ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொண்டு, நல்ல வேலை கிடைத்தபோது தர மறுத்து இழுத்தடித்ததில், எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்குக் கிடைத்த வேலையே கைவிட்டுப் போனது. இன்னொன்று, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் என்றால் மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தாக வேண்டும். ஆக உங்களை எடுத்து அவர்கள் தர்மம் ஒன்றும் செய்யவில்லை, தலை குனிந்து நிற்கத் தேவையில்லை. ஒப்பந்தத்தில் தகராறு வந்தால் போக வேண்டிய இடம் அப்ரண்டிஸ் ஆலோசகர். நடுவில் நீங்களாக விட்டுப் போனால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்க ஒப்பந்தத்தில் இடம் உண்டு, அந்தப் பக்கத்தையும் படித்துவிட்டுப் போடுங்கள்.

டிப்ளமோ, டிகிரி முடித்தவர்களுக்கு வழி கொஞ்சம் வேறு. அவர்களுக்கு நாட்ஸ் (தேசிய அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டம்) போர்ட்டல், தெற்குப் பக்கம் முழுக்க சென்னை தரமணியில் இருக்கும் அப்ரண்டிஸ் பயிற்சி வாரியம் பார்த்துக்கொள்கிறது, ஒரு வருடப் பயிற்சி, குறைந்தபட்ச ஸ்டைபண்டில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள், நெய்வேலி என்எல்சி போன்ற இடங்கள் இதில் ஆள் எடுக்கின்றன. பட்டப்படிப்புக்குள்ளேயே சில செமஸ்டர்களை அப்ரண்டிஸாகக் கழித்து, அதற்கும் கிரெடிட் வாங்கும் முறைக்கு யுஜிசி வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. கல்லூரி சேரும்போதே விசாரிக்க வேண்டிய விஷயம் அது.

"வேலையோடு டிப்ளமோ இலவசம்" என்று பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகளைக் குறிவைத்து வரும் விளம்பரங்கள் தனி ரகம். நல்லவையும் உண்டு. சேரும் முன் ஒரே ஒரு விஷயம் கேளுங்கள், அந்த டிப்ளமோவை யார் தருகிறார்கள்? அங்கீகாரம் உள்ள பாலிடெக்னிக்கா, பல்கலைக்கழகமா, இல்லை கம்பெனியே அச்சடித்துத் தரும் தாளா? தாள் என்றால் அதை வைத்து பி.இ. இரண்டாம் வருடம் சேர முடியாது, அரசு வேலைக்கும் போட முடியாது. மூன்று வருடம் உழைத்த பிறகு இது தெரிய வந்து அழுத பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நான் மாலை டிப்ளமோ படித்த காலத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: கஷ்டம்தான், அழகுபடுத்திச் சொல்ல ஒன்றும் இல்லை. ஷிஃப்ட் மாறுவதுதான் பெரிய எதிரி. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வாரத்தில் கிளாஸுக்குப் போகலாம், செகண்ட் ஷிஃப்ட் வந்தால் போச்சு. என்னோடு வேலை பார்த்த ஒருவர் படிக்கவில்லை, சாயங்காலம் வீட்டில் மாடு பார்க்க வேண்டியதில்லை என்பதால் செகண்ட் ஷிஃப்ட்தான் அவருக்கு வசதி, என்னோடு மாற்றிக்கொள்வார், எச்ஆரிடம் இரண்டு பேருமாகப் போய் எழுதிக் கொடுத்து வைத்தோம். இப்படி ஓர் ஆளைப் பிடிக்காமல் மாலைக் கல்லூரியில் பணம் கட்டாதீர்கள். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படிக்கலாம் என்று திட்டம் போடவே வேண்டாம், புத்தகம் நெஞ்சில் கிடக்கும், நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். கம்பெனி பஸ்ஸில் போகும் நேரம், எவ்வளவோ பேர் ரீல்ஸ் பார்க்கும் நேரம், அதில்தான் மேத்ஸ் ஃபார்முலாக்களை ஓட்டினேன். கணக்கு போட முடியாது, ஆனால் திருப்பிப் பார்க்கலாம். அதனால்தான் ஆயிரம் ரூபாய் ஸ்டைபண்ட் கூட என்பதை விட பஸ் உண்டா, கேன்டீன் உண்டா, தங்கும் இடம் எவ்வளவு தூரம் என்பதை நான் முதலில் பார்க்கச் சொல்கிறேன். அறை வாடகையும் மெஸ் காசும் போனால் அந்த ஆயிரம் எங்கே போனது என்றே தெரியாது.

வருடம் முடியும்போது செய்ய வேண்டியவை. அகில இந்தியத் தொழிற்தேர்வுக்கு கம்பெனி உங்கள் பெயரைச் சேர்த்திருக்கிறதா என்று இரண்டு மாதம் முன்பே கேட்டு உறுதி செய்யுங்கள், வருகைப் பதிவு குறைந்திருந்தால் அப்போதாவது சரிசெய்ய நேரம் இருக்கும். தியரிக்கு வெறும் மாதிரி வினாத்தாள் போதாது, டிராயிங்கும் ஒர்க்‌ஷாப் கணக்கும்தான் காலை வாரும். என்ஏசி தவிர, எந்தெந்த மெஷினில் வேலை பார்த்தீர்கள் என்று எழுதிய கடிதம் ஒன்றைக் கம்பெனி லெட்டர்ஹெட்டில் வாங்கிக்கொள்ளுங்கள், பழகிய சூப்பர்வைசர் இருக்கும்போதே. அவர் மாறிப் போய்விட்டால் யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

வேலை கிடைக்குமா? முடித்தவரை எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் ஒழிய. ஆனால் 2014 திருத்தத்துக்குப் பிறகு, பயிற்சி முடித்தவர்களை எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று கொள்கை வகுத்திருக்க வேண்டும். அது என்ன என்று முதல் நாளே கேட்கலாம். மற்ற தகுதிகள் சமமாக இருந்தால் நேரடியாக வருபவரை விட அப்ரண்டிஸ் முடித்தவருக்கு முன்னுரிமை என்று உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் 1995இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ரயில்வே லெவல் 1 (அடிப்படை நிலை) பணிகளில் ரயில்வேயில் அப்ரண்டிஸ் முடித்து என்ஏசி வாங்கியவர்களுக்கு 20 சதவீத இடம் இருக்கிறது, பெரம்பூர் ஐசிஎஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை), திருச்சி பொன்மலை பணிமனைக்கு அவ்வளவு போட்டி இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே எழுத்துத் தேர்வு கிடையாது, பத்தாவது, ஐடிஐ மதிப்பெண்ணை வைத்துத்தான் பட்டியல், ஆகவே ஐடிஐயில் இருக்கும்போதே மார்க்கைக் கவனியுங்கள்.

வயது தாண்டிவிட்டதா என்று கேட்பவர்களுக்கு: ரயில்வேயில் பொதுவாக 15 முதல் 24, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. என்ஏபிஎஸ்ஸில் அரசு பங்கு 35 வயது வரை கிடைக்கும். என் செக்‌ஷனுக்கு இந்த வருடம் வந்திருக்கும் பேட்சில் கல்யாணமாகிக் குழந்தை உள்ள ஒருவர் இருக்கிறார், கிளாஸ் நேரத்தை எனக்கு ஞாபகப்படுத்துவது அவர்தான்.